விழப்போகிற பல்

குழந்தையின் வாயில் முளைக்கும் பால் பற்கள் 20. மேலே பத்து, கீழே பத்து. கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டும் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் ஈறிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. நாலாம் மாதத்திலேயே முளைக்கும் குழந்தையும் உண்டு. முதல் பிறந்தநாளன்று பொக்கை வாயோடு கேக்குக்கு முன்னால் உட்காரும் குழந்தையும் உண்டு. இரண்டிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். ஆறு வயதையொட்டி முன்பற்கள் ஆடத் தொடங்கும். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. பத்து, பதினொன்று, சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுவரைகூட அவை இருக்கின்றன. அதாவது, ஒரு பல் எட்டு முதல் பத்து ஆண்டு உழைக்கிறது. ‘பால் பல்தானே, எப்படியும் விழத்தானே போகிறது’ என்று வீடுகளில் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. குழந்தைகளின் பல் நோயில் பெரும்பகுதி அந்தச் சமாதானத்தின் மறைவில்தான் வளர்கிறது.

பால் பல்லின் வேலை மெல்லுவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு பால் பல்லின் அடியிலும் அதன் இடத்துக்கு வரவேண்டிய நிலைப்பல் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே இருக்கும் பல் அதற்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஐந்து வயதில் கடைசிப் பால் கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால், ஆறு வயதில் அதன் பின்னால் முளைக்கும் பெரிய நிலைப்பல் காலியிடத்தைப் பார்த்து முன்னே நகர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வயதில் வரவேண்டிய பல்லுக்கு அப்போது இடம் இருக்காது. அது கோணலாக வரும், அல்லது வராமலே எலும்புக்குள் நின்றுவிடும். பின்னாளில் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கம்பி கட்டும் பிள்ளைகள் சிலருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் கட்டினால் கேடு இன்னும் ஆழமானது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் மேலுறையான எனாமலே பழுதுபட்டு, முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடும் பள்ளத்தோடும் வரக்கூடும்.

பால் பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதிக் கனம்தான். உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழ்ப்பகுதியோ, பல்லின் அளவுக்குப் பெரியது. மேற்பரப்புக்கு அருகிலும் இருக்கிறது. அதனால் பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பரவும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக மதிப்பிட்டது. இரவில் வலியால் தூங்காத குழந்தை, ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடும் குழந்தை, கெட்டியான எதையும் தொடாமல் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் குழந்தை எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம். ‘சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிறான்’ என்று மட்டுமே வீட்டில் நினைத்திருக்கும் பிள்ளைகள் சிலருக்குக் காரணம் கடைவாயில் இருக்கும்.

சொத்தையை இன்றும் பலர் பூச்சிப்பல் என்கிறார்கள். பல்லைப் புழு அரிக்கிறது என்பது உலகின் பல நாடுகளில் இருந்த நம்பிக்கை. நம் ஊர்களில் கண்டங்கத்தரி விதையைப் புகைத்தால் புழு உதிரும் என்பார்கள். பல்லில் புழு எதுவும் கிடையாது. அமெரிக்கரான வில்லோபி மில்லர் பெர்லினில் ஆய்வு செய்து, 1890இல் வெளியிட்ட நூலில் உண்மையான காரணத்தை விளக்கினார். வாயில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, நாம் தின்னும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இதில் முதன்மையான குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது பின்னர் தெரியவந்தது. படலத்தின் காரகாடித்தன்மை எண் (pH) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே அது இறங்கிவிடும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை மெல்ல முறித்து, கரைந்துபோன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை பிடிக்கும். கரைவதும் சேர்வதுமான இந்தக் கொடுக்கல் வாங்கல் நாள் முழுக்க நடக்கிறது. கரைவது மிஞ்சினால் சொத்தை.

பெற்றோர் மனத்தில் பதிய வேண்டிய செய்தி இதிலேயே இருக்கிறது. குழந்தை எவ்வளவு இனிப்பு தின்றது என்பதைவிட, எத்தனை தடவை தின்றது என்பது பல்லுக்குப் பெரிய கேள்வி. இதை ஐயமறக் காட்டிய ஆய்வு சுவீடனின் விபெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1945க்கும் 1953க்கும் இடையில் நடந்தது. ஒப்புதல் தரும் நிலையில் இல்லாத உள்நோயாளிகளுக்கு ஒட்டும் டாஃபியைக் கொடுத்துப் பல் கெடுவதைக் கணக்கெடுத்த அந்த ஆய்வை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அதன் முடிவை மருத்துவம் மறக்க முடியவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு இடையே, பல்லில் ஒட்டும் வடிவில் தின்ற இனிப்பு பற்களைச் சூறையாடியது. அதன் பின்னர்தான் சுவீடனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்ற வழக்கம் பரவியது.

நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். எழுந்ததும் சர்க்கரை போட்ட பால், அதில் ஊட்டச்சத்து பானப் பொடி. பள்ளி வேனில் ஒரு பிஸ்கட். பதினொரு மணி இடைவேளைக்கு கிரீம் பிஸ்கட். மதியம் சாப்பாடு. மாலை வீடு திரும்பியதும் மறுபடி இனிப்புப் பால், தொட்டுக்கொள்ள ரஸ்க். டியூஷன் போகும் வழியில் தாத்தா வாங்கித் தரும் தேன்மிட்டாய். படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால். பெற்றோரைக் கேட்டால் ‘அவன் மிட்டாயே சாப்பிடுவதில்லை’ என்பார்கள். ஆறு முறை இனிப்பு போயிருக்கிறது. பல் மீண்டெழ நேரமே கிடைக்கவில்லை. ஒரு லட்டை மதியச் சாப்பாட்டோடு முழுதாகத் தின்ற பிள்ளை இதைவிடப் பத்திரமாக இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் கொடுத்தால் பல்லுக்குத் தீங்கில்லை என்ற எண்ணம் இப்போது பெருகியிருக்கிறது. அவற்றின் மற்ற நன்மைகள் எப்படியோ போகட்டும், நுண்ணுயிருக்கு எல்லாம் ஒரே தீனிதான். கடலை மிட்டாயும் ஜவ்வு மிட்டாயும் பல்லிடுக்கில் அப்பிக்கொள்வதால் லட்டைவிட மோசம். உப்பு பிஸ்கட்டும் சிப்ஸும்கூடக் குற்றமற்றவை அல்ல. பல்லில் ஒட்டிய மாவு மெல்லமெல்லச் சர்க்கரையாகிறது. இடைவேளைக்குச் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா, வாழைப்பழம், தாகத்துக்குத் தண்ணீர் என்று மாற்றினால் கணக்கு பாதியாகக் குறையும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலில் சர்க்கரையே வேண்டாம். இனிப்புப் பழக்கத்தைக் குழந்தை கொண்டுவருவதில்லை, நாம்தான் கொடுக்கிறோம்.

இரவு தனியாகப் பேசவேண்டிய விஷயம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தை முறிக்க ஆள் இருக்காது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு, இனிப்பிட்ட பால், மேல்வரிசை முன்பற்களில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அதனால் கீழ்ப்பற்கள் தப்பிவிட, மேலே நான்கு பற்கள் மட்டும் கரைந்து கருத்து முளையாக நிற்கும். இந்தத் தோற்றத்தைப் பார்த்த உடனே புட்டிப்பால் சொத்தை என்று பல் மருத்துவர் சொல்லிவிடுவார். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, அதில் மாற்றமில்லை. ஒரு வயதுக்குப் பின் இரவு முழுக்க அடிக்கடி பால் குடிக்கும் குழந்தைக்குப் பகலில் இனிப்பும் சேர்ந்து, பல்லும் துலக்கப்படாமல் போனால்தான் ஆபத்து கூடுகிறது. ரப்பர் சூப்பியைத் தேனில் தோய்த்து வாயில் வைப்பதை விட்டுவிட வேண்டும். இருமல் மருந்து, சத்து டானிக் போன்ற இனிப்பு மருந்துகளை இரவில் கொடுத்தால் வாயைத் துடைத்துவிட வேண்டும்.

சொத்தை முதலில் ஓட்டையாக வருவதில்லை. ஈறை ஒட்டி, பல்லின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு தீட்டியதுபோல மங்கிய வெள்ளைக் கோடாகத்தான் அது தொடங்குகிறது. மாதம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் மல்லாத்தி, மேலுதட்டை விரலால் தூக்கிப் பார்த்தால் போதும். ஒரு நிமிட வேலை. ஈரமான பல்லில் கோடு தெரியாது. சுத்தமான துணியால் ஒற்றியெடுத்த பிறகு பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டோடு கண்டுபிடித்தால் துளைக்காமல், அடைக்காமல் ஃபுளூரைடு பூச்சாலும் உணவு மாற்றத்தாலும் நிறுத்திவிடலாம். அது பழுப்பாகிக் குழி விழுந்தபின் பல் தானாகச் சரியாகாது.

பல் துலக்கும் வேலை முதல் பல் முளைத்த அன்றே தொடங்குகிறது. குழந்தை தானே துலக்கட்டும் என்று விடுவதுதான் பெற்றோர் பொதுவாகச் செய்யும் பிழை. ஏழெட்டு வயதுவரை கைக்கு அந்த நுணுக்கம் வராது. நன்றாக எழுதப் பழகிய பிள்ளைதான் நன்றாகத் துலக்கும் என்று பல் மருத்துவர்கள் சொல்வதுண்டு. அதுவரை பிள்ளை பிரஷைக் கையில் வைத்து விளையாடலாம். துலக்குவது அம்மாவோ அப்பாவோ பாட்டியோவாக இருக்க வேண்டும். எதிரே நின்று துலக்கினால் உள்ளே எதுவும் தெரியாது. பின்னால் நின்று, குழந்தையின் தலையை வயிற்றில் சாய்த்து, இடக்கையால் தாடையைத் தாங்கி, அதே கை விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்கிக்கொண்டு, பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துச் சிறு வட்டங்களாகச் சுழற்ற வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் முன்னும் பின்னுமாகத் தேய்க்கலாம். கைக்குழந்தைக்கு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் ஒட்டி மடியைத் தொட்டிலாக்கிக்கொண்டால் சண்டை குறையும். இரண்டு நிமிடம். ஒருமுறை காலை, இன்னொருமுறை இரவு. நேரமில்லாத நாளில் இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தால், விடவேண்டியது காலை. நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: காலையில் துலக்காமல் காபி கிடையாது, இரவில் துலக்குவதை நினைப்பதே கிடையாது. இரவு துலக்கியபின் தண்ணீர் மட்டும்.

பற்பசையின் அளவை விளம்பரங்கள் கெடுத்துவைத்திருக்கின்றன. பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாகப் பிதுக்குவது படத்துக்கு அழகு. மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். ஃபுளூரைடு இருக்க வேண்டும்; 1000 பிபிஎம் அளவில் இருந்தால் சொத்தையைத் தடுக்கும். பழவாசனையோடு குழந்தைகளுக்கென்று விற்கப்படும் சில பசைகளில் ஃபுளூரைடு மிகக் குறைவு, அல்லது இல்லை. பெட்டியைத் திருப்பிப் படித்து வாங்க வேண்டும். துலக்கியபின் துப்பினால் போதும். பல முறை கொப்பளித்தால் பல்லில் தங்கவேண்டிய ஃபுளூரைடு கழுவிப் போய்விடும்.

ஃபுளூரைடு நன்மை செய்யும் என்பது அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்த பிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவரின் வியப்பிலிருந்து தெரியவந்தது. கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில் இருந்த ஃபுளூரைடு என்று 1931இல் வேதியியலார் கண்டறிந்தார்கள். குறைந்த அளவில் காப்பது, மிகுந்தால் கறையாகிறது. அதற்கும் மேலே போனால் எலும்பைத் தாக்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மஞ்சளும் பழுப்புமான பற்கள் துலக்காததால் வந்தவை அல்ல. எட்டு வயதுக்குள் எனாமல் உருவாகும் காலத்தில் குடித்த தண்ணீரால் வந்தவை. 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, இந்தப் பாதிப்பான ஃபுளூரோசிஸின் தணிப்பும் இருக்கிறது. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் இதே நிலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை. நீர் ஆவியாகி ஃபுளூரைடின் செறிவுதான் கூடும். இத்தகைய ஊர்களில் பெற்றோர் செய்யக்கூடியது, குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுநீர்க் குழாய்த் தண்ணீரையோ மழைநீரையோ பயன்படுத்துவது, பற்பசையைப் பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்வது.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பழித்துப் பேசவேண்டியவை அல்ல. நன்றாக மென்று நார் பிரித்துத் தேய்த்தால் படலம் போகும். ஆனால் சிறு குழந்தையின் கடைவாய்க்குள் குச்சி எட்டாது, ஃபுளூரைடும் அதில் இல்லை. கரித்தூள், செங்கல் பொடி, சாம்பல், உப்பு ஆகியவை பல்லை வெளுக்கவைப்பதுபோலத் தோன்றினாலும் மெல்லிய எனாமலைச் சுரண்டுகின்றன.

பல் முளைக்கும்போது பேதியாகும், காய்ச்சல் வரும் என்பது எல்லா ஊர்களிலும் உள்ள பேச்சு. எச்சில் வடிவது, ஈறு அரிப்பது, சிணுங்குவது, உடம்பு லேசாகக் கதகதப்பது உண்மை. பேதிக்கும் கடும் காய்ச்சலுக்கும் பல் காரணமல்ல. அந்த வயதில் குழந்தை தவழ்ந்து கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியும் குறைகிறது. ‘பல் முளைக்கிறது’ என்று பேதியை விட்டுவைத்ததால் நீர்ச்சத்து வற்றி ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் உண்டு. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைப் பல் முளைப்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. ஈறு அரிப்புக்குக் குளிரவைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுத்தால் போதும்.

ஆறு வயதில் பெற்றோர் கண்ணில் படாமல் ஒரு பெரிய நிகழ்ச்சி நடக்கிறது. கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழாமல் வந்ததால் இதையும் பால் பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுதும் மெல்லும் பாரத்தைத் தாங்கும் பல் இதுதான்; நிலைப்பற்களில் முதலில் சொத்தையாகிப் போவதும் பெரும்பாலும் இதுதான். இதன் மேற்பரப்பில் பிரஷின் நார் நுழையாத ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. முளைத்த சில மாதங்களுக்குள் அந்தப் பள்ளங்களை மெல்லிய பிசின் பூச்சால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், வலி இல்லை. பிள்ளையின் ஆறாவது வயதில் பல் மருத்துவரிடம் கேட்டுப் பெறவேண்டிய சிகிச்சை இது. அதே காலத்தில் கீழ் முன்பற்கள் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைப்பதும், ஏழெட்டு வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுவதும் பெற்றோரைப் பதறவைக்கின்றன. பெரும்பாலும் முன்னது பால் பல் விழுந்ததும் நாக்கின் தள்ளலில் சரியாகிவிடும். பின்னது பன்னிரண்டு வயதில் கோரைப் பற்கள் இறங்கும்போது மூடிக்கொள்ளும். விரல் சூப்புவதும் நான்கு வயதுக்குள் நின்றுவிட்டால் பல்லைப் பாதிப்பதில்லை.

பல் மருத்துவரிடம் முதன்முறை போகவேண்டியது முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்தபின் போகும் குழந்தைக்கு அந்த நாற்காலி வலியோடு சேர்ந்தே நினைவில் நிற்கும். சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டிவிட்டு, அதே டாக்டரிடம் வாயைத் திற என்று கெஞ்சுவது வீண். ‘வலிக்கவே வலிக்காது’ என்றும் சொல்ல வேண்டாம். அதில் வலி என்ற சொல் மட்டும்தான் பிள்ளையின் காதில் விழும். சிகிச்சைகளும் பழையபடி இல்லை. வெள்ளியும் ஃபுளூரைடும் சேர்ந்த ஒரு திரவத்தைச் சொத்தையில் தொட்டுவைத்தால் அது கருத்து இறுகி நின்றுவிடுகிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பெரிதாகக் கெட்ட பால் பல்லுக்கு எஃகுத் தொப்பி போடலாம். நரம்புவரை போயிருந்தால் வேர் சிகிச்சை செய்து, விழவேண்டிய வயதுவரை பல்லைக் காப்பாற்றலாம். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடம் மூடிக்கொள்ளாதிருக்கச் சிறு கம்பி வளையம் பொருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடிபட்டுப் பல் விழுவது தனி. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் இருக்கும் நிலைப்பல் கெடும். நிலைப்பல் முழுதாக வேரோடு வந்துவிட்டால் அங்கே நிற்பவர்கள் செய்வதைப் பொறுத்துத்தான் அது பிழைக்கும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ சுரண்டவோ துணியால் துடைக்கவோ கூடாது, அதில் ஒட்டியிருக்கும் உயிருள்ள இழைகள்தான் மறுபடி எலும்போடு சேரும். மண் இருந்தால் குடிநீரில் சில நொடி அலசி, முடிந்தால் அங்கேயே குழியில் செருகி, மடித்த துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் காய்ந்து செத்துவிடும்; வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் கெடுதல். அரைமணிக்குள் பொருத்தினால் நல்ல வாய்ப்பு, ஒரு மணிக்கு மேல் வெளியில் காய்ந்து கிடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. விளையாட்டு ஆசிரியருக்கும் வேன் ஓட்டுநருக்கும் இது தெரிந்திருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருப்பதைவிட முக்கியம், ஏனெனில் அடி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் படுகிறது. பொருத்திய பல்லை மருத்துவர் ஏறத்தாழ இரண்டு வாரம் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டிவைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அதற்குள் வேர் சிகிச்சையும் தொடங்க வேண்டும்; அதன் பின்னும் சில ஆண்டுகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவர வேண்டும்.